காலி மனை

விடுதியில் என் அறைக்கு அடுத்த அறையில் இராஜஸ்தானத்து நண்பர் ஒருவர் இருக்கிறார். தம் ஊர் வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அவருக்கு இரவு போவதே தெரியாது. கல்லால் கட்டிய வீடு. முற்றம் இத்தனை அடி. கதவு இன்ன மரம். கட்டி இருநூறு ஆண்டு ஆயிற்று என்பார். ஒருநாள் அவர் என்னைப் பார்த்து, "உங்கள் வீட்டின் வயது என்ன?" என்று கேட்டார். எனக்கு உடனே விடை வரவில்லை.

கூரையை வைத்துக் கணக்கிட்டால் எங்கள் வீட்டுக்கு வயது இரண்டு. சுவரை வைத்துக் கணக்கிட்டால் ஏழு. பட்டாவை வைத்துக் கணக்கிட்டால் ஐம்பதுக்குச் சற்று மேல். "மண் குடிசைக்கு வயது சொல்வது எளிதன்று, நண்பரே" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. சில நாட்களுக்குள் அதை நான் விடாமல் எண்ணிப் பார்க்க வேண்டிய நிலையும் வந்தது.

சென்ற கார்த்திகையில் சித்தப்பா திருப்பூரிலிருந்து என் கைப்பேசிக்கு ஒரு பத்திர நகலை அனுப்பினார். திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் சிற்றூரில் வீடு இருக்கும் மூன்று சென்ட் இடத்தை விற்பதற்கான பத்திரம் அது. கிழக்கே வாய்க்கால், மேற்கே தெரு என்று நான்கு எல்லைகளையும் குறித்துவிட்டு, பத்திர எழுத்தர் அந்த இடத்துக்குக் "காலி மனை" என்று பெயரிட்டிருந்தார். விற்பவர்கள் என்ற இடத்தில் சித்தப்பாவின் பெயர், அத்தையின் பெயர், மறைந்துபோன என் அப்பாவின் வாரிசுகளாக அம்மா, அக்கா, நான் ஆகிய மூவரின் பெயர்கள். பொங்கலுக்கு ஊர் வரும்போது சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட வேண்டும் என்பது சித்தப்பாவின் செய்தி.

நான் அவரோடு பேசினேன்.

"அத்தை சரின்னு சொல்லிட்டாங்களா சித்தப்பா?"

"தம்பி வந்து சொன்னாப் போடுறேன்னு சொல்லுது. நீ படிச்ச பிள்ளை. நீ எடுத்துச் சொன்னாக் கேக்கும்."

"அவங்கதானே அங்கே இருக்காங்க?"

"அது சும்மா குடியிருக்கு, தம்பி. இடம் நம்ம எல்லாரோடதும்."

அவர் தவறாக ஒன்றும் சொல்லவில்லை. சட்டப்படி பார்த்தால் தாத்தாவின் சொத்து மூன்று பிள்ளைகளுக்கும் சமபங்கு. மூன்று சென்ட்டில் ஆளுக்கு ஒரு சென்ட். ஆயினும் "சும்மா குடியிருக்கு" என்ற அந்தச் சொல் என் காதில் நெடுநேரம் நின்றது. அந்தச் சொல்லை இதற்கு முன் எங்கோ கேட்டிருக்கிறேன் என்று தோன்றியது. எங்கே என்பது அன்று இரவுதான் நினைவுக்கு வந்தது. அதைச் சொல்வதற்கு முன் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு பதினெட்டு அடி நீளம், பத்து அடி அகலம். மண்சுவர். மூங்கில் வாரை மேல் தென்னங்கீற்று வேய்ந்த கூரை. உள்ளே நுழைய வேண்டுமானால் யாராக இருந்தாலும் குனிய வேண்டும். முன்பக்கம் ஒருவர் கால் நீட்டிப் படுக்கும் அளவுக்கு ஒரு திண்ணை. உள்ளே ஒரு மூலையில் அடுப்பு. மறு மூலையில் ஒரு தகரப்பெட்டி. வாய்க்கால் பக்கமாகப் பின்சுவரில் ஒரு சிறு வழி. அதற்கு ஒரு படல். தரை மட்டும் எப்போதும் கண்ணாடிபோல் இருக்கும். வாரம் தவறாமல் சாணமிட்டு மெழுகிய தரை.

இந்த இடத்தில் முதலில் குடிசை போட்டவர் என் கொள்ளுத்தாத்தா. வேறோர் ஊரிலிருந்து பண்ணையாளாகக் கொண்டுவரப்பட்டவர். இடம் மிராசுதாருடையது, மண் வாய்க்காலுடையது, மூங்கில் பண்ணையுடையது, உழைப்பு மட்டும் அவருடையது. வாசலில் ஒரு பூவரச மரம் இருந்ததாம். அதன் நிழலில் பிள்ளைகள் விளையாடலாம். அதன் கிளையை ஒடிக்கக் கூடாது. ஒருமுறை கொள்ளுத்தாத்தா கலப்பைக்கு மேழி செய்யக் கிளை ஒன்றை வெட்டிவிட்டார். காரியக்காரர் வந்து, "நீ சும்மா குடியிருக்கிறவன்தானே? மரம் உனக்கு எப்படிச் சொந்தமாகும்?" என்று கேட்டாராம். "ஆண்டே, தப்புதான்" என்று சொல்லி விழுந்து வணங்கினாராம் கொள்ளுத்தாத்தா. இத்தனைக்கும் அந்தக் கலப்பை அதே பண்ணையின் நிலத்தை உழுவதற்காகத்தான்.

இதை எனக்குச் சொன்னவர் அப்பாயி. சித்தப்பாவின் வாயிலிருந்து நான் மறுபடி கேட்டது இந்தக் காரியக்காரரின் சொல்லைத்தான்.

நான் வரலாறு படிக்கிற மாணவன். முதலாண்டில் பல்கலைக்கழக நூலகத்தில் தென்னிந்தியக் கல்வெட்டுகளின் இரண்டாம் தொகுதியை எடுத்துப் பார்த்தேன். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் அதில் உள்ளன. இராசராசன் கோயிலுக்கு ஊர்களை அளித்தபோது, வரி விதிக்கப்படாத இடங்கள் எவையெவை என்று ஒவ்வோர் ஊருக்கும் கணக்கு எழுதியிருக்கிறார்கள். ஊர்நத்தம், குளம், கோயில், சுடுகாடு என்று வரும் அந்தப் பட்டியலில் பறைச்சேரியும் வருகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே எங்கள் தெருவுக்குக் கணக்கில் இடம் இருந்திருக்கிறது. நுணுக்கமாக அளந்தும் இருக்கிறார்கள். கோயிலில் ஆடிய பெண்கள் நானூறு பேருடைய பெயரும், அவர்கள் இருந்த வீட்டு வரிசையும் அதே கோயில் சுவரில் உண்டு. சேரியில் குடியிருந்தவர்களின் பெயரைத் தேடினேன். அந்தப் பட்டியலில் சேரியின் அளவு இருந்தது. ஆட்களின் பெயர் இல்லை. மாலை மணி அடித்து நூலகத்தை மூடும்வரை அந்தப் பக்கத்தைப் புரட்டாமல் வைத்திருந்தேன்.

1843-ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை முறையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்றது. ஆனால் ஆளைச் சொந்தம் கொண்டாட முடியாத பண்ணை, ஆள் படுத்துறங்கும் இடத்தைச் சொந்தம் கொண்டாட முடிந்தது. அதுவே போதுமானதாக இருந்தது. கூலி போதவில்லை என்றாலோ, வேறு பண்ணைக்குப் போகிறேன் என்றாலோ, எதிர்த்துப் பேச வேண்டியதில்லை. "குடிசையைப் பிரி" என்று ஒரு சொல் போதும். பிள்ளைகுட்டிகளோடு எங்கே போவது? குடிசை என்பது குளிருக்கும் மழைக்கும் மறைவு என்றுதான் நாம் நினைக்கிறோம். எங்கள் முன்னோருக்கு அது காலில் கட்டிய கயிறாகவும் இருந்தது.

1943-இல் பி. சீனிவாசராவ் தஞ்சைக்கு வந்தார். கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர். தமிழ் அவருக்குக் கற்றுக்கொண்ட மொழி. அவர் சேரி சேரியாக நடந்து, குடிசைகளில் தங்கி, விவசாயத் தொழிலாளர்களைச் சங்கமாகச் சேர்த்தார். சாட்டையடியும் சாணிப்பால் புகட்டுவதும் அந்தப் போராட்டங்களால்தான் நின்றன. வேற்று மாநிலத்தில் வந்து படிக்கிற நமக்கு இது நினைவில் இருக்க வேண்டிய செய்தி என்று நினைக்கிறேன். வேற்றுமொழிக்காரர் ஒருவர் வந்து எங்கள் தாத்தாக்களோடு ஒரே பாயில் படுத்து உறங்கியதால் அவர்கள் நிமிர்ந்து நடக்கத் தொடங்கினார்கள். அவர் 1961-இல் மறைந்தார். எங்கள் பகுதியில் அவர் பெயரைப் பிள்ளைகளுக்கு இடுகிறவர்கள் உண்டு.

1952-இல் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாளை நினைத்தபடி நீக்கக் கூடாது என்றது அது. அதே ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் பெரும்புயல் வந்தது. தாத்தாவுக்கு அப்போது பதினேழு வயது. பூவரச மரம் குடிசையின் மேலேயே விழுந்தது. விடிந்ததும் பண்ணை வண்டி வந்து மரத்தை அறுத்து ஏற்றிக்கொண்டு போனது. விழுந்த கூரையைத் தூக்க ஒரு துண்டுக் கட்டை கேட்டார்களாம், கிடைக்கவில்லை. வைக்கோலும் சுள்ளியும் கொண்டு மறுபடி குடிசை எழுந்தது. தாத்தா அந்தக் கதையைச் சொல்லும்போது மரம் விழுந்ததைப் பற்றி அதிகம் சொல்லமாட்டாராம். வண்டி போன தடத்தைப் பற்றியே சொல்வாராம்.

1961-இல் குடியிருப்போரை வெளியேற்றாமல் காக்க ஒரு சட்டம் வந்தது. "பிரி" என்ற சொல்லுக்கு வலு குறைந்தது. ஆயினும் இடம் இன்னும் அவர்களுடையதன்று. கூலிப் போராட்டங்கள் தொடர்ந்தன.

1968 டிசம்பர் 25-ஆம் நாள் இரவு கீழ்வெண்மணியில் நடந்ததை நான் இங்கே விவரிக்க விரும்பவில்லை. கூலி உயர்வு கேட்டவர்களின் தெரு தாக்கப்பட்டது. தப்பிக்க வழி தேடிய பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் ஒரு சிறு குடிசைக்குள் புகுந்தார்கள். குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது. 44 பேர் மாண்டார்கள்.

செய்தி மறுநாள் எங்கள் ஊருக்கு வந்தது. அப்பாயி அன்றிரவு குடிசைக்குள் படுக்க மறுத்துவிட்டார். கைக்குழந்தையாக இருந்த அத்தையை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரையில் மார்கழிப் பனியில் உட்கார்ந்திருந்தார். தாத்தா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "ஒரே வாசல் இருக்கிற வீட்டுல நான் படுக்கமாட்டேன்" என்று மட்டும் அப்பாயி சொன்னார். பொழுது விடிந்ததும் தாத்தா மண்வெட்டியை எடுத்துப் பின்சுவரை உடைத்தார். காரியக்காரரைக் கேட்கவில்லை. அதுதான் வாய்க்கால் பக்கம் இருக்கும் அந்தச் சிறு வழி. அதற்குப் பிறகு எத்தனையோ முறை சுவர் விழுந்திருக்கிறது. எத்தனையோ முறை எழுப்பியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் வழி விட்டே சுவர் வைத்திருக்கிறார்கள். நான் சிறுவனாக இருந்தபோது, வாய்க்காலுக்குக் குளிக்கப் போவதற்காக வைத்த வழி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

1971-இல் தமிழ்நாடு குடியிருப்பு உரிமையளிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. விவசாயத் தொழிலாளி ஒருவர் அவ்வாண்டு எந்த இடத்தில் குடியிருந்துகொண்டிருந்தாரோ அந்த இடம் அவருக்கே உரியது என்றது அச்சட்டம். கிரயப் பத்திரம் எங்கே என்று அது கேட்கவில்லை. பாட்டன் பெயரைக் கேட்கவில்லை. "நீ இங்கே குடியிருக்கிறாயா?" என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்டது. எந்தச் சொல்லை வைத்து எங்களை இழிவாகப் பேசினார்களோ அந்தச் சொல்லையே உரிமைக்கு அடிப்படையாக்கியது. "சும்மா குடியிருக்கிறவன்" என்ற நிலை மாறி, குடியிருப்பதாலேயே உரியவன் என்ற நிலை வந்தது. எனக்குத் தெரிந்த சட்டங்களில் இதைப்போல நேராகப் பேசிய சட்டம் அதிகம் இல்லை.

பட்டாத் தாள் கைக்கு வந்த அன்று தாத்தா அதைப் படிக்கத் தெரியாமல் இருமுறை திருப்பிப் பார்த்தாராம். பிறகு தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டினார். மறுநாள் சந்தைக்குப் போய் இரண்டு தென்னம்பிள்ளைகள் வாங்கி வந்தார். பூவரசு நின்ற இடத்தில் ஒன்றும் வாய்க்கால் ஓரம் ஒன்றுமாக நட்டார். தம் கையால் நட்ட மரத்தின் காயைத் தாமே பறிக்கலாம் என்பது அவருக்கு அப்போதுதான் முதன்முறையாக வாய்த்தது.

அந்தத் தாளில் தாத்தாவின் பெயர் இருந்தது. அப்பாயியின் பெயர் இல்லை. நாற்று நட்டுவிட்டு வந்து, வாரம் தவறாமல் அந்தத் தரையை மெழுகியவர் அப்பாயி. மழைக்கு முன் கீற்று முடைந்தவர் அப்பாயி. பின்வழி வேண்டுமென்று கேட்டவரும் அவரே. அன்றைய வழக்கம் அப்படி. அதைக் குறையாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை. எனக்குத்தான் இப்போது அது குறையாகத் தெரிகிறது.

பிறகு 1977 நவம்பர் 12-ஆம் நாள் நாகப்பட்டினத்தருகே புயல் கரை கடந்தது. கூரை போயிற்று; இளந்தென்னைகள் தப்பின. அப்பா விடுதியில் தங்கிப் படித்தார். பேருந்து நடத்துநர் ஆனார். திருவாரூரில் வாடகை வீடு எடுத்தார். சித்தப்பா திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போனார். வீடு நகரவில்லை, அது இருந்த மாவட்டத்தின் பெயர் மட்டும் மாறிக்கொண்டிருந்தது. 1991 வரை தஞ்சாவூர், பிறகு நாகப்பட்டினம், 1997 முதல் திருவாரூர்.

அத்தை மன்னார்குடிப் பக்கம் வாழ்க்கைப்பட்டார். பிள்ளை இல்லை. 1994-இல் கணவர் இறந்ததும் ஒரு பையோடு இந்த வீட்டுக்குத் திரும்பி வந்தார். தாத்தா படுக்கையில் கிடந்த ஓராண்டும் அவரைப் பார்த்துக்கொண்டவர் அத்தை. தாத்தா 1999-இல் மறைந்தார். அதன்பின் அப்பாயியும் அத்தையுமே அந்த வீடு. நடவுக்குப் போனார், களைக்குப் போனார், நூறு நாள் வேலைக்கும் போனார். தீபாவளிக்கு நாங்கள் போனால் எங்களுக்குப் பாய் விரித்துவிட்டு அவர் திண்ணையில் படுத்துக்கொள்வார். அவர் ஏன் வெளியே படுக்கிறார் என்று நான் கேட்டதே இல்லை.

2018 நவம்பர் 16-ஆம் நாள் விடியலில் கஜா புயல் வேதாரண்யத்தருகே கரை ஏறியது. அப்பா இறந்து இரண்டாண்டு ஆகியிருந்தது. எனக்குப் பதினைந்து வயது. இரண்டு நாள் கழித்து, விழுந்த மரங்களை அறுத்து வழி செய்த பிறகுதான், நானும் அம்மாவும் ஊர் போய்ச் சேர முடிந்தது. அத்தையும் அப்பாயியும் பள்ளிக்கூடத்தில் தங்கி உயிர் தப்பியிருந்தார்கள். வீடு இருந்த இடத்தில் கூரையும் இல்லை, முன்சுவரும் இல்லை. தாத்தா நட்ட இரண்டு தென்னைகளில் ஒன்று வாய்க்காலுக்குள் தலை குப்புறக் கிடந்தது.

அத்தை முதலில் தேடியது தகரப்பெட்டியை. சேற்றிலிருந்து அதை எடுத்துத் துடைத்துப் பட்டாவைப் பார்த்து, மறுபடி மூடினார். பிறகு மண்ணை வெட்டத் தொடங்கினார். அவருக்கு அப்போது ஐம்பது வயது. சுவரைத் தாமே எழுப்பினார். பின்வழியை விட்டே எழுப்பினார். விழுந்த தென்னையை அறுத்து அதையே விட்டமாக்கினார். பண்ணை வண்டி வந்து அதைக் கொண்டுபோகவில்லை என்பதை அப்பாயி திண்ணையில் உட்கார்ந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். 2020-இல் அப்பாயி அந்த வீட்டிலேயே கண்ணை மூடினார்.

இப்போது பத்திரத்தில் இருந்த சொல்லை நான் மறுபடி நினைத்துப் பார்த்தேன். காலி மனை! இரண்டு தலைமுறை பிறந்து, மூன்று தலைமுறை இறந்து, முப்பது ஆண்டுகளாக ஒரு பெண் தனிக்கையால் காத்துவரும் இடம் காலி மனையாம். பத்திர எழுத்தரின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது அவருடைய தொழில் வழக்கு. என் மேல்தான் எனக்கு வெட்கமாக இருந்தது. அத்தையிடம் "எடுத்துச் சொல்ல" என்னை அனுப்புகிறார்கள். அந்தக் காலத்தில் பண்ணைக்காக வந்து பேசியவருக்குக் காரியக்காரர் என்று பெயர். இந்தக் காலத்தில் படித்த பிள்ளை என்று பெயரா? பட்டாத்தாரரின் பேரன் என்பதால் நான் பாதி மிராசுதார் ஆகிவிட்டேனா?

பொங்கலுக்கு முன் இரண்டு நாள் விடுப்பெடுத்து ஊருக்குப் போனேன். அத்தை வாய்க்காலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். "வாய்யா, டில்லிக் குளிர்ல இளைச்சுப் போயிட்டியே" என்றார். சாப்பிட்டு முடிக்கும் வரை பத்திரத்தைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. நானே தொடங்கினேன்.

"அத்தை, இடத்தை வித்தா நீங்க எங்கே இருப்பீங்க?"

"திருப்பூருக்கு வந்துடுன்னு சித்தப்பா சொல்லுச்சு. நல்லாத்தான் வச்சிக்கும்."

"உங்களுக்குப் போக விருப்பமா?"

அவர் அதற்கு விடை சொல்லவில்லை. மேலே பார்த்தார்.

"இந்த வருசம் கீத்து மாத்தியாகணும் தம்பி. இன்னொரு மழை தாங்காது. ஊராட்சியில கேட்டேன். குடிசைக்குப் பதிலா வீடு கட்டித் தர்ற திட்டம் வந்துச்சாமே, எனக்கும் எழுதுங்கன்னேன். பட்டா உன் பேருல இல்லியேன்னாங்க. செத்தவரு பேருல இருந்தா எப்படிம்மா கொடுக்கிறதுன்னாங்க. அவங்களும் என்ன செய்வாங்க?"

அவர் சொன்னது 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம். 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை இலட்சம் ரூபாய். ஒரு சென்ட் என்பது 435 சதுர அடிக்குச் சற்று மேல். பார்க்கப் போனால் அத்தையின் ஒரு சென்ட்டிலேயே அந்த வீடு அடங்கிவிடும். ஆனால் அந்த ஒரு சென்ட் எது? மூன்று சென்ட்டில் அது எந்தப் பக்கம்? மற்றவர்கள் கையெழுத்துப் போட்டாலன்றி அது தாளில் மட்டுமே இருக்கும் சென்ட்.

அன்று மாலை திருவாரூருக்குப் போய் அம்மாவிடம் பேசினேன். அம்மா கொஞ்சம் யோசித்தார். "உங்க அப்பா இருந்தா என்ன செஞ்சிருப்பாரோ அதைச் செய்" என்றார். அக்கா கும்பகோணத்திலிருந்து, "இதுக்கு ஏன் இவ்வளவு பேச்சு? என்னைக்கு வரணும், அதைச் சொல்லு" என்றாள். பொங்கல் கழிந்து அலுவலகம் திறந்த முதல் நாள், நாங்கள் மூவரும் சார்பதிவாளர் முன் நின்று எங்கள் ஒரு சென்ட் பங்கை அத்தைக்கு விடுதலைப் பத்திரமாக எழுதிக் கொடுத்தோம். பத்திரத்தில் "காலி மனை" என்று எழுத வேண்டாம் என்று எழுத்தரிடம் சொன்னேன். "வேறு எப்படி எழுதுவது?" என்று கேட்டார். "குடியிருப்பு என்று எழுதுங்கள்" என்றேன்.

இதைப் பெரிய தியாகம்போலச் சொல்லுவதற்காக நான் இதை எழுதவில்லை. அந்த ஒரு சென்ட்டால் எங்களுக்கு வாழ்வும் இல்லை, அதை விட்டதால் தாழ்வும் இல்லை. சித்தப்பாவின் நிலை அப்படியன்று. மகளின் கல்லூரிக்காக வாங்கிய கடன் அவர் கழுத்தில் இருக்கிறது. பொங்கலன்று இரவு திண்ணையில் உட்கார்ந்து அவர் சொன்னார்: "நீங்க செஞ்சது சரிதான் தம்பி. ஆனா என்னால அப்படி விட முடியாதே." அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருடைய பங்குக்கு உள்ள விலையைத் தவணையில் தருகிறோம் என்று அம்மா சொன்னார். சித்திரை வரை யோசித்துச் சொல்வதாகச் சித்தப்பா சொல்லியிருக்கிறார். இதை எழுதும்போதும் அவர் விடை வரவில்லை. என் உதவித்தொகையில் மாதந்தோறும் ஒரு சிறு தொகையை இப்போதே ஒதுக்கி வருகிறேன்.

மறுநாள் காலை சித்தப்பா குளிக்கப் புறப்பட்டார். முன்வாசல் திறந்துதான் இருந்தது. அவர் அந்தப் பக்கம் போகவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பழக்கப்பட்டவர்போலப் படலை ஒதுக்கி, தலையைக் குனிந்து, பின்வழியாகவே போனார். அத்தை அதைப் பார்த்துச் சிரித்தார். "எத்தனை வயசானாலும் அந்த வழியை விடாது" என்றார்.

இந்த மலரைப் படிக்கும் அன்பர்களே, உங்களில் பலருக்கும் ஊரில் ஒரு பழைய வீடு இருக்கும். ஒருவேளை அது பூட்டிக் கிடக்கலாம். ஒருவேளை அதில் ஓர் அத்தையோ ஒரு பெரியம்மாவோ தனியாக இருக்கலாம். ஒருநாள் உங்களுக்கும் ஒரு பத்திர நகல் வரும். அதில் உங்கள் பெயர் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், அங்கே தரை மெழுகுகிறவரின் பெயர் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். அவ்வளவுதான் நான் கேட்டுக்கொள்வது.

தில்லிக்குத் திரும்பிய அன்று இரவு, இராஜஸ்தானத்து நண்பரின் அறைக் கதவைத் தட்டினேன். "நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை கொண்டு வந்திருக்கிறேன்" என்றேன். அவர் கேள்வியையே மறந்திருந்தார்.

"எங்கள் வீட்டின் கூரைக்கு இந்த ஆண்டு வயது தொடங்கும். சுவருக்கு ஏழு. பட்டாவுக்கு ஐம்பதுக்கு மேல். தரைக்கு ஏறக்குறைய நூறு. வீட்டுக்கு வயது சொல்ல வேண்டுமானால் தரையின் வயதைத்தான் சொல்ல வேண்டும்" என்றேன்.

"மண்தரை நூறு ஆண்டு இருக்குமா?" என்று கேட்டார்.

"தானாக இராது. வாரம் ஒருமுறை யாராவது மெழுக வேண்டும்" என்றேன்.